மெக்செய்னின் வேத வாசிப்பு அட்டவணை: குடும்ப ஜெபத்துக்கு உதவுமா?

குடும்ப ஜெபத்துக்கு உட்காரும் வீடுகளில் ஜெபத்தைவிட அதிக நேரம் பிடிப்பது ஒன்று உண்டு: "இன்றைக்கு எதை வாசிக்கலாம்?" என்கிற பேச்சு. கடைசியில் 23-ஆம் சங்கீதம், இல்லாவிட்டால் 91, அதுவும் இல்லாவிட்டால் 121. இந்த மூன்றையும் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பார்கள், ஆனால் பைபிளில் ஆகாய் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரியவர்களே பொருளடக்கத்தைத்தான் புரட்ட வேண்டும். இதற்கென்று குடும்பத் தியானப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. ஒரு வசனம், ஒரு குட்டிக் கதை, ஒரு ஜெபம், ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். தப்பு ஒன்றுமில்லை, ஆனால் மறுநாள் கேட்டுப் பாருங்கள், கதை நினைவிருக்கும், வசனம் இருக்காது. அதனால் இந்த விமர்சனம் அவற்றைப் பற்றியது இல்லை. நாங்கள் வீட்டில் வைத்துப் பழகிக்கொண்டிருக்கிற, 180 வருடத்துக்கு மேல் பழமையான ஓர் அட்டவணையைப் பற்றியது.

அதைப் போட்டவர் ராபர்ட் மர்ரே மெக்செய்ன், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் செயின்ட் பீட்டர்ஸ் ஆலயத்தின் போதகர். 1842 முடிவில், வரப்போகிற வருடத்துக்கென்று தன் சபையாருக்குத் தயாரித்துக் கொடுத்தார். நாளொன்றுக்கு நான்கு அதிகாரம், வருடக் கடைசியில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும் புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவையும் முடிந்திருக்கும். அந்த முதல் வருடத்தை முடிக்க அவர் உயிரோடு இல்லை. 1843 மார்ச் 25 அன்று டைபஸ் காய்ச்சலில் இறந்துபோனார், வயது 29. அட்டவணை பிழைத்துக்கொண்டது. யாருடைய உரிமையும் இல்லாத பழைய பொருள் என்பதால் இலவசமாகவே கிடைக்கிறது, பைபிள் செயலிகள் பலவற்றிலும் இருக்கிறது.

ஒரு வருடத்தில் பைபிளை முடிக்கும் மற்ற திட்டங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அட்டவணையின் பத்திகளில், அதாவது செங்குத்து வரிசைகளில் இருக்கிறது. நான்கு பத்திகளில் முதல் இரண்டு குடும்பமாகச் சேர்ந்து வாசிக்க, அடுத்த இரண்டு அவரவர் தனியாக வாசிக்க. ஜனவரி 1 அன்று வீட்டில் ஆதியாகமம் 1, மத்தேயு 1; தனியாக எஸ்றா 1, அப்போஸ்தலர் 1. நான்கும் ஏதோ ஒன்றின் ஆரம்பம், வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருப்பார் போல. கணக்குப் பிரியர்களுக்கு: பைபிளில் மொத்தம் 1189 அதிகாரம், இரண்டாம் சுற்றுக்கான புதிய ஏற்பாடு 260, சங்கீதம் 150 ஆகியவற்றைக் கூட்டினால் 1599, ஆனால் நாளுக்கு நான்கு வீதம் 365 நாளில் 1460-தான் முடியும். அதனால் சின்ன அதிகாரங்களை அங்கங்கே சேர்த்துக் கட்டியிருக்கிறார், 119-ஆம் சங்கீதம் மாதிரி நீளமானதைத் துண்டாக்கிப் பல நாளுக்குப் பரப்பியிருக்கிறார்.

சரி, வீட்டில் வைத்தால் என்ன ஆகிறது?

முதல் லாபம், தேர்வு நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. இது சின்ன விஷயம் என்று நினைக்கக் கூடாது. பையன் எதிர்த்துப் பேசிய நாள் ராத்திரி குடும்ப ஜெபத்தில் எந்த அதிகாரம் வரும் என்று நம்மில் பலருக்குத் தெரியும். எபேசியர் 6. "பிள்ளைகளே, உங்கள் பெற்றாருக்குக் கர்த்தருக்குள் கீழ்ப்படியுங்கள், இது நியாயம்." இது யாருக்காக வாசிக்கப்படுகிறது என்று அவனுக்கும் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கைக்கும் தெரியும், அவன் தலையைக் குனிந்திருப்பது பக்தியால் அல்ல என்று நமக்கும் தெரியும். வேதத்தை இப்படிக் கையில் எடுத்து எடுத்துப் பிள்ளைகளுக்கு அது பிரம்பாகவே பதிந்துபோகிறது. அட்டவணை இருந்தால் இந்த வேலை நடக்காது. சண்டை நடந்த நாளில் என்ன வருகிறதோ அதுதான், அது யாத்திராகமத்தில் வருகிற ஆசரிப்புக் கூடாரத்தின் தொங்குதிரைகளின் அளவாகவும் இருக்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எபேசியர் 6 இந்த அட்டவணையில் வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறது. மார்ச் மாதக் கடைசியில் தனி வாசிப்பில் ஒரு தடவை, அக்டோபர் தொடக்கத்தில் குடும்ப வாசிப்பில் ஒரு தடவை. அதாவது பிள்ளைகளோடு உட்கார்ந்து முதல் வசனத்தைச் சத்தமாக வாசிப்பதற்கு ஆறு மாதம் முன்பே அப்பா தன் அறையில் தனியாக நான்காம் வசனத்தைத் தாண்டியாக வேண்டும்: "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக." மெக்செய்ன் இதைத் திட்டமிட்டு வைத்தாரா, தற்செயலாக விழுந்ததா என்பது கிடக்கட்டும், எனக்கு இந்த வரிசை பிடித்திருக்கிறது.

இரண்டாவது லாபம், நாமாக ஒருபோதும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்க மாட்டாத பகுதிகள் சேர்ந்து வருவது. ஜனவரி 21 அன்று ஆதியாகமம் 22, அதே நாளில் மத்தேயு 21. ஆபிரகாம் மகனைக் கூட்டிக்கொண்டு மலை ஏறுகிறார், இயேசு கழுதையின்மேல் எருசலேமுக்குள் வருகிறார். நாங்கள் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்போம், எழுத்துக்கூட்டி வாசிக்கிற சின்னவளுக்கு மட்டும் ஒரு விரல் வரியின் கீழே கூடவே நகர வேண்டும். ஆதியாகமம் 22-இல் 19-ஆம் வசனம் அவள் முறைக்கு வந்தது. ஆபிரகாம் வேலைக்காரரிடம் திரும்பி வந்ததை மெதுவாக வாசித்து முடித்துவிட்டு, விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, "ஈசாக்கு வரலையா?" என்று கேட்டாள். எல்லோரும் திரும்பக் குனிந்து பார்த்தோம். அந்த வசனத்தில் ஈசாக்கின் பெயர் இல்லை. எத்தனையோ பிரசங்கம் கேட்ட அதிகாரம், ஒருவர் கண்ணிலும் அது பட்டதில்லை. வந்திருப்பான், எழுதாமல் விட்டிருப்பார்கள் என்றாள் அம்மா. அப்பாமேல் கோபமாக இருந்திருப்பான் என்றான் பெரியவன். அப்புறம் ஜெபம் தள்ளிப்போய், படுக்கும் நேரமும் தள்ளிப்போனது.

உபாகமம் 6-ஆம் அதிகாரம் தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுக்கிறபோது, எழுந்திருக்கிறபோது என்று நான்கு நேரம் சொல்கிறது. எந்த அட்டவணையும் உட்கார்ந்திருக்கிற நேரத்தை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். மற்ற மூன்றுக்கும் அது சரக்கு கொடுக்கிறதா என்பதுதான் நான் வைக்கிற சோதனை, இதில் இந்த அட்டவணை தேறுகிறது, ஏனென்றால் முழு அதிகாரமாக வாசிக்கிறபோது ஆட்கள் நினைவில் நிற்கிறார்கள். எந்தப் பக்கம் வேண்டுமென்று முதலில் தேர்ந்தெடுக்க லோத்துக்கு விட்டுக்கொடுத்து ஆபிராம் பிரிகிற ஆதியாகமம் 13-ஆம் அதிகாரம் முடிந்த கொஞ்ச நாளில், ஜன்னல் ஓரத்து இருக்கைக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சின்னவள் சொன்னாள்: "நீ ஆபிராம், பெரியவன். நான் லோத்து. லோத்துதான் முதல்ல எடுக்கணும்." லோத்துக்கு அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா என்று அண்ணன் ஆரம்பித்தான், அவள் அதற்குள் உட்கார்ந்துவிட்டாள். இது ஆவிக்குரிய வளர்ச்சியா என்றால் தெரியாது, ஆனால் ஒற்றை வசனத் தியானப் புத்தகத்திலிருந்து இப்படி ஒரு வாதம் எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை.

இனிக் குறைகள். பெரிய குறை, புத்தகங்களைப் பிரித்த விதம். குடும்பப் பத்திகளில் ஒன்று ஆதியாகமத்தில் ஆரம்பித்து இரண்டாம் நாளாகமத்தில் முடிகிறது. எஸ்றா முதல் மல்கியா வரை தனி வாசிப்பில் போய்விடுகிறது. இதன் அர்த்தம் என்ன தெரியுமா? யோனா, தானியேல், எஸ்தர், நீதிமொழிகள் நான்கும் குடும்பமாக வாசிக்கிற பட்டியலில் வராது. பிள்ளைகள் மிகவும் ஆசையாகக் கேட்கிற கதைகளும், வீட்டுக்கு மிகவும் உபயோகமான நீதிமொழிகளும் பெரியவர்களின் தனி அறைக்குப் போக, நவம்பரில் கூடத்துக்கு வருவது முதலாம் நாளாகமத்தின் வம்ச வரலாறு, அதுவும் இரண்டிரண்டு அதிகாரமாகச் சேர்த்து. பெயர்களைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் முதல் நாள் சிரிப்பாக இருக்கும், அடுத்த நாள் யாருக்கும் தொண்டை சரியில்லாமல் போகும். (உன்னதப்பாட்டு தனிப் பத்தியில் இருப்பதில் மட்டும் எனக்கு ஆட்சேபணை இல்லை.)

அடுத்தது, அதிகாரத்தை அளவுகோலாக வைத்தது. அதிகாரப் பிரிவு பைபிளோடு பிறந்ததில்லை, 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் போட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள், கதை எங்கே முடிகிறது என்று அது எப்போதும் பார்ப்பதில்லை. முதல் நாளே இது இடிக்கும். ஆதியாகமம் 1 ஆறாம் நாளோடு முடிந்துவிடுகிறது, தேவன் ஓய்ந்திருந்த ஏழாம் நாள் 2-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நாங்கள் அந்த மூன்று வசனத்தையும் சேர்த்தே வாசித்துவிடுகிறோம். நீளமும் ஒரே சீராக இருக்காது. தாவீதும் கோலியாத்தும் வருகிற 1 சாமுவேல் 17-இல் 58 வசனம், அதைக் கேட்டு யாரும் கொட்டாவி விடவில்லை என்பது வேறு விஷயம். லேவியராகமம் 13-இலும் கிட்டத்தட்ட அதே நீளம், 59 வசனம், முழுக்கக் குஷ்டரோகத்தைச் சோதிக்கும் முறை. அதற்குச் சின்னப் பிள்ளைகளை உட்காரவைப்பது கஷ்டம். லேவியராகமம் ஓடுகிற ஏப்ரலில் கூடவே சங்கீதங்கள் வருவதால் தப்பித்தோம்.

அப்புறம் பிள்ளைகள் காதில் விழக் கூடாத அதிகாரங்கள். பிப்ரவரி முதல் வாரத்திலேயே குடும்பப் பத்தியில் ஆதியாகமம் 38 நிற்கிறது, யூதாவும் தாமாரும். மெக்செய்ன் கல்யாணம் ஆகாதவர், பிள்ளை குட்டி இல்லாதவர், அதனால்தான் யோசிக்காமல் போட்டுவிட்டார் என்று சொல்லத் தோன்றும். அப்படி இல்லை. குடும்பத்தில் வாசிப்பதைவிடத் தனியாக வாசிப்பது பொருத்தம் என்று படுகிற அதிகாரங்கள் அடிக்கடி வரும், அப்போது குடும்பத் தலைவர் அதைத் தனியாக வாசித்துக்கொள்ளும்படி சொல்லிவிடட்டும் என்று அட்டவணைக்கான குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார்.

என் உண்மையான மனக்குறை இங்கேதான். மெக்செய்ன் சபைக்குக் கொடுத்தது வெறும் அட்டவணை இல்லை, அதற்கு முன்னால் ஒரு கடிதமும் சில குறிப்புகளும் உண்டு. அந்தக் கடிதத்தில் அட்டவணையின் நன்மைகளைச் சொல்வதற்கு முன்பே அதன் ஆபத்துகளைச் சொல்கிறார்: வெறும் சடங்காகிவிடலாம், இத்தனை அதிகாரம் முடித்தேன் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓட்டலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். பாரமாகத் தெரிந்தால் இந்தத் தளையை எறிந்துவிட்டுச் சுதந்திரமாக வாசியுங்கள் என்றும் சொல்லிவிடுகிறார். இதை அவர் சொல்கிற இடத்தையும் பார்க்க வேண்டும். அதே ஸ்காட்லாந்துத் திருச்சபை 1647-இல் குடும்ப ஆராதனைக்கு வெளியிட்ட வழிகாட்டியில், அதை அலட்சியம் செய்கிற குடும்பத் தலைவருக்கு முதலில் தனியாகப் புத்தி சொல்வது, பிறகு மூப்பர் சங்கத்தில் கண்டிப்பது, அப்படியும் கேட்காவிட்டால் இராப்போஜனத்திலிருந்து விலக்கிவைப்பது என்று படிப்படியாக எழுதிவைத்திருக்கிறது. அந்தப் பாரம்பரியத்தில் வந்தவர் "முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்" என்கிறார்.

இன்றைக்கு நம் கைக்கு வருவதில் பெரும்பாலும் அந்தக் கடிதம் இல்லை. தேதியும் கட்டமும் மட்டும் இருக்கும். நான் முதலில் இறக்கிய செயலியில் வாசித்ததும் ஒரு டிக் விழும், வாசிக்காத நாள் சிவப்பில் நிற்கும், வீட்டில் காய்ச்சல் வந்த வாரத்தில் திரை முழுக்கச் சிவப்பு. விட்டதைப் பிடிக்க ஒரே ராத்திரி ஆறேழு அதிகாரம் என்று ஆரம்பித்தால், வாசிக்கிறவர் வேகம் கூடும், கேட்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இந்த அட்டவணையைக் கைவிட்டவர்களிடம் பேசினால் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் விட்டிருப்பார்கள். ஒருவர்கூட லேவியராகமத்தால் விட்டேன் என்று என்னிடம் சொன்னதில்லை, நாள் தவறிவிட்டது என்றுதான் சொல்கிறார்கள்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். குடும்பத்துக்கான இரண்டு பத்திகளை மட்டும் தேதி இல்லாமல் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பைபிளின் முன்னட்டைக்குள் மடித்துவைத்தோம். வாசித்ததைப் பென்சிலால் அடிப்போம். நாள் தவறினால் அடுத்த நாள் அதே இடத்திலிருந்து. பழைய ஏற்பாட்டு அதிகாரம் ஒரு நாள், புதிய ஏற்பாடோ சங்கீதமோ மறுநாள், அதனால் இது முடிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். குறிப்புகளில் மெக்செய்ன் சொல்கிற இன்னொன்றையும் எடுத்துக்கொண்டோம், எங்கள் அனுபவத்தில் மொத்தப் பொருளிலும் மதிப்பு அதிகமுள்ள பகுதி அதுதான்: குடும்பத் தலைவர் அதிகாரத்தை முன்கூட்டியே வாசித்து, முக்கியமான இரண்டு மூன்று வசனத்தைக் குறித்துவைத்து, அதிலிருந்து எளிய கேள்விகள் கேட்க வேண்டும். சும்மா வாசித்துவிட்டுப் போவது பல சமயம் தரையில் கொட்டிய தண்ணீராகிவிடுகிறது என்பது அவர் வருத்தம். எங்கள் வீட்டில் முன்கூட்டி வாசிக்கும் வேலை முறைவைத்து மாறும். பெரியவன் முறை வந்தால் கேள்வி கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

யாருக்கு இது ஒத்துவரும்? ஓரளவு வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நல்லது. எல்லோருமே மழலைகள் என்றால் படக்கதைப் பைபிளே போதும், இதை எடுத்துவந்து அவர்களைப் படுத்த வேண்டாம். வளர்ந்த பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற குடும்பத்துக்கு இன்னும் நல்லது என்பேன், அங்கே மட்டும் தேதியை வைத்துக்கொள்ளலாம், இரண்டு ஊரில் இருந்தாலும் ஒரே நாளில் ஒரே அதிகாரம், தொலைபேசியில் பேச ஏதாவது இருக்கும். துணைவரில் ஒருவருக்கு மட்டும்தான் விசுவாசம் என்றால், தினமும் இரண்டு அதிகாரம் என்று கூட்டி உட்காரவைப்பது வீட்டில் சண்டையைத்தான் கொண்டுவரும். தனிப் பத்திகளை எடுத்துக்கொண்டு அமைதியாக வாசியுங்கள். செயலியா தாளா என்றால் தாள். செயலிதான் கைக்கு வசதி என்றால் நினைவூட்டலையும் நாள்கணக்கையும் அணைத்துவையுங்கள், அப்படி அணைக்க முடியாத செயலியைக் குடும்ப ஜெபத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது யோனாவையும் நீதிமொழிகளையும் தனி அறைக்கு அனுப்பியதற்காக. நாங்கள் இப்போது இராஜாக்களின் புத்தகத்தில் இருக்கிறோம். அடுத்து வரப்போகிற முதலாம் நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரத்தைத் தாண்டி, அந்த இடத்தில் யோனாவின் நான்கு அதிகாரத்தையும் எஸ்தரையும் சொருகிக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். சின்னவளுக்கு மட்டும் அந்தப் பெயர்களை வாசித்தே தீர வேண்டுமாம், கஷ்டமான பெயர்களை அண்ணன் வாயில் கேட்க அவளுக்கு ஆசை.